வடிகட்டியதும் வெளுக்கும் படிகம், ஆர்1 0.11: சிங்கிள் கிரிஸ்டல் எக்ஸ்ஆர்டிக்கு மறுபடி எப்படி அனுப்புவது?

பச்சைப்படிகம்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு காப்பர்(II) காம்ப்ளெக்ஸின் எக்ஸ்ஆர்டி (படிகத்தில் எக்ஸ் கதிரைச் சிதறடித்துக் கட்டமைப்பைக் காணும் முறை) தரவில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். யாராவது வழி சொன்னால் நல்லது.

லிகண்ட் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு), ஆர்த்தோ வெனிலினும் பென்சைலமீனும் சேர்ந்த ஷிஃப் பேஸ். அதை மெத்தனாலில் காப்பர் அசிடேட்டோடு வினைப்படுத்தினோம். ஒரு காப்பருக்கு இரண்டு லிகண்ட், மின்சுமை இல்லாத மூலக்கூறு, எடை 544.1. டைகுளோரோமீத்தேனில் (இனி டிசிஎம்) கரைத்து மேலே ஹெக்சேன் அடுக்கினால் சில நாளில் கரும்பச்சைக் கட்டிகள் வருகின்றன. சில 1 மி.மீ. வரை பெரிசு.

முதலில் வடிகட்டி, ஹெக்சேனில் கழுவி, டெசிகேட்டரில் உலர்த்தி ஒரு பல்கலைக்கழக மையத்துக்கு அனுப்பினோம். படிகம் பளபளப்பு போய் வெளிறியிருந்தது. "டிஃப்ராக்ட் ஆகவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிறகு தாய்க்கரைசலோடு (படிகம் வளர்ந்த அதே கரைசல்) அனுப்பியதற்கு டேட்டா எடுத்துக் கொடுத்தார்கள். அறை வெப்பநிலை (296 கெல்வின்), மாலிப்டினம் கதிர், படிகத்தை ஃபைபரில் பசை வைத்து ஒட்டியது. ஸ்பேஸ் குரூப் (சமச்சீர் வகை) பி21/சி, செல் (திரும்பத் திரும்ப வரும் அலகு) கனஅளவு 1590 கன ஆங்ஸ்ட்ராம், இசட் (செல்லில் உள்ள மூலக்கூறு எண்ணிக்கை) = 2, ஆர்இன்ட் (சமமாக இருக்க வேண்டிய ஸ்பாட்டுகளுக்குள் வரும் வேறுபாடு) 0.09, ஆர்1 (மாடலுக்கும் டேட்டாவுக்கும் உள்ள வேறுபாடு, குறைந்தால் நல்லது) 0.112, மிச்ச எலக்ட்ரான் அடர்த்தியில் பெரிய பீக் 3.9. கணக்கிட்ட அடர்த்தி 1.14. டேட்டா முழுமை 93%தான் என்று செக்சிஃப் (முடிவுகளைச் சரிபார்க்கும் மென்பொருள்) கண்டிப்பாகச் சொல்கிறது.

குழப்பம் என்னவென்றால்:

சிஃப் ஃபைலை (கட்டமைப்பு முடிவுகள் உள்ள கோப்பு) திறந்தால் பாதி மூலக்கூறுதான் தெரிகிறது. தீர்வே தப்பா?

லேபில் ஒருவர் "ஸ்குவீஸ் போட்டு முடி" என்றார். காலி இடத்தில் கிடக்கும் எலக்ட்ரான் அடர்த்தியைக் கழித்துவிடும் நிரல் அது. போட்டால் ஆர்1 0.061க்கு இறங்குகிறது, ஒரு செல்லுக்கு 162 எலக்ட்ரான் என்று காட்டுகிறது. ஆனால் சிஎச்என்னில் (கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் சதவீதச் சோதனை) கார்பன் 65.9% வந்திருக்கிறது. கரைப்பான் இல்லாத ஃபார்முலாவுக்கு 66.2% வர வேண்டும், அதாவது பொருந்துகிறது. கைடு, "கரைப்பானே இல்லையே, எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார்.

மறுபடி அனுப்புவதானால் எப்படி அனுப்புவது, என்ன கேட்டு வாங்குவது?

---

கோணமானி:

படிகம் வெளுப்பதும், ஆர்1 ஏறி நிற்பதும், முழுமை 93%ல் நின்றதும் ஒரே வியாதிதான். உங்க படிகத்துக்குள்ள டிசிஎம் இருக்கு. வெளியே எடுத்ததும் அது ஓடிப்போகுது.

மைக்ரோஸ்கோப்பில் பாருங்க. தாய்க்கரைசலிலிருந்து ஒரு கட்டியை உலர்ந்த ஸ்லைடில் வையுங்க. ஓரம் முதலில் மங்கும், அப்புறம் உள்ளே குறுக்கும் நெடுக்குமா மயிரிழை விரிசல் ஓடும், கடைசியில் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது பாசி நிறக் கட்டியாகும். வெளி உருவமும் முகங்களும் அப்படியே இருக்கும். உள்ளே வெறும் தூள். இதை ஊசியால் தொட்டால் பொடியும். நீங்க டெசிகேட்டரில் போட்டு அனுப்பினது இந்தக் கட்டியைத்தான். அதில் ஸ்பாட் வராது, வந்தால் பவுடர் வளையம்தான் வரும்.

இரண்டாவது முறை பசை வைத்தது அடுத்த கோளாறு. பசை இறுகுறதுக்குள்ளேயே டிசிஎம் கிளம்ப ஆரம்பிச்சிருக்கும். மீதி, டேட்டா எடுக்குற நேரம் முழுக்கக் கசிஞ்சிருக்கும். ஃப்ரேம் நகர நகர ஸ்பாட்டின் செறிவு குறைஞ்சிட்டே வந்து, பாதியில் நிறுத்தியிருப்பாங்க. அதான் 93%. மையத்தைக் குறை சொல்ல முடியாது, படிவத்தில் கரைப்பான் பெயரையும் "வெளியே எடுத்தால் வெளுக்கும்" என்பதையும் எழுதினீங்களா?

செய்ய வேண்டியது இது:

ஸ்லைடில் ஒரு சொட்டு பாரடோன் எண்ணெய் (அல்லது ஃபாம்ப்ளின்). பாஸ்டர் பிப்பெட்டின் நுனியைக் கொஞ்சம் உடைத்து அகலமாக்கிக்கணும், இல்லைன்னா படிகம் மாட்டி நொறுங்கும். வயலிலிருந்து கரைசலோடு சேர்த்து உறிஞ்சி நேரா எண்ணெய்க்குள்ள விடுங்க. காற்றில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. மிஞ்சின கரைசலை வடிதாள் துண்டின் முனையால் ஒற்றி எடுங்க. ஊசியால் படிகத்தை எண்ணெயின் சுத்தமான பக்கத்துக்குத் தள்ளுங்க. தள்ளும்போதே மேலே ஒட்டின சின்னத் துணுக்கெல்லாம் உதிரும்.

அப்புறம் போலரைசர். ஸ்டேஜைச் சுற்றினால் 90 டிகிரிக்கு ஒரு முறை முழுப் படிகமும் ஒரே நேரத்தில் இருளணும். ஒரு பாதி இருண்டு மறு பாதி வெளிச்சமா நின்றால் அது ரெண்டு படிகம் ஒட்டினது, அல்லது ட்வின் (இரட்டையா வளர்ந்த படிகம்). அதை விட்டுட்டு அடுத்ததைப் பாருங்க. (கனசதுரப் படிகம் எப்பவும் இருட்டாத்தான் இருக்கும், உங்களது மோனோகிளினிக், அந்தக் கவலை இல்லை.)

1 மி.மீ. கட்டி பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. மைக்ரோஃபோகஸ் சோர்ஸில் கதிரின் அகலமே 0.1–0.2 மி.மீ.தான். கதிரைவிடப் பெரிய படிகம் சுழலும்போது ஒவ்வொரு கோணத்திலும் வேற அளவு கனம் கதிருக்குள்ள வரும். உறிஞ்சல் திருத்தம் அதைச் சமாளிக்கத் திணறும். எண்ணெய்க்குள்ளேயே புது ஸ்கால்பெல் பிளேடால் வெட்டி 0.2 மி.மீ. அளவுக்குக் கொண்டு வாங்க. அழுத்தி அறுக்கக் கூடாது, மேலே வைத்து ஒரே தட்டு.

லூப்பில் அள்ளும்போது எண்ணெய் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கூடினால் பின்னணியில் மங்கலா ஒரு வளையம் ஏறும். நேரா 100 கெல்வின் நைட்ரஜன் ஓட்டத்தில் வைத்துட்டா எண்ணெய் கண்ணாடி மாதிரி இறுகிடும், டிசிஎம் எங்கேயும் போகாது.

---

இடக்குழு:

கைடின் கேள்விக்கு எண்களே பதில் சொல்கின்றன. மென்பொருள்கூடத் தேவையில்லை.

கரிமச் சேர்மங்களில், ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினால் ஓர் அணுவுக்குச் சுமார் 18 கன ஆங்ஸ்ட்ராம் இடம். உங்கள் காம்ப்ளெக்ஸில் லிகண்டுக்கு 18 அணு, இரண்டுக்கு 36, காப்பரோடு 37. ஆக ஒரு மூலக்கூறுக்கு 37 × 18 = 666. செல்லில் இரண்டு மூலக்கூறு: 1332. உங்கள் செல் 1590. மீதி 258 கன ஆங்ஸ்ட்ராம் சும்மா காலியாக இருக்காது.

அடர்த்தியும் அதையே சொல்கிறது. காப்பர் காம்ப்ளெக்ஸ் 1.14 என்றால் அது சந்தேகப்பட வேண்டிய எண். ஒரு காம்ப்ளெக்ஸுக்கு இரண்டு டிசிஎம் சேர்த்துப் பாருங்கள்: எடை 544.1 + 169.9 = 714.0, அடர்த்தி 1.49. இது நம்பக்கூடிய எண்.

இனி ஸ்குவீஸ் கொடுத்த 162. ஒரு டிசிஎம்மில் 42 எலக்ட்ரான் (கார்பன் 6, ஹைட்ரஜன் 2, குளோரின் இரண்டும் சேர்ந்து 34). செல்லில் நான்கு டிசிஎம் என்றால் 168. உங்களுக்கு 162. அறை வெப்பநிலையில் கசிந்துகொண்டிருந்த படிகத்துக்கு இதைவிட நெருக்கமான பொருத்தம் எதிர்பார்க்க முடியாது. ஹெக்சேனும் வயலில் இருந்ததே என்று கேட்கலாம். ஹெக்சேனுக்கு 50 எலக்ட்ரான், 162ஐ அது மூன்றாகவும் வகுக்கும். ஆனால் பி21/சியில் பொது இடங்கள் நான்கு. தலைகீழ் மையத்தில் (ஒரு பாதியை எதிர்ப் பாதியாகத் திருப்பும் சமச்சீர்ப் புள்ளி) உட்கார்ந்தால் இரண்டு. மூன்று என்ற எண்ணிக்கைக்கு இடம் கொடுக்க, மூலக்கூறு அரைகுறையாக நிரம்பியது என்று வலிந்து சொல்ல வேண்டும். அதோடு 3.9 உயரப் பீக், சிதறிக் கிடக்கும் ஹெக்சேன் கார்பனால் வராது, குளோரின்தான்.

நீங்களே சரிபார்க்கலாம். மிச்ச பீக்குகளில் பெரியவை காப்பரிலிருந்து 1 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் அது கன அணுவைச் சுற்றி வரும் வழக்கமான அலைதான், பொருட்படுத்த வேண்டாம். தள்ளி, காலி இடத்தில் இரண்டு பெரிய பீக் 2.9 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியிலும், இரண்டுக்கும் நடுவே சற்று விலகி ஒரு சின்ன பீக் தலா 1.75 ஒட்டியும் இருந்தால் அது டிசிஎம்.

சிஎச்என் பொருந்தியது ஏன்? நீங்கள் உலர்த்திய தூளைக் கொடுத்தீர்கள். அதில் டிசிஎம் கிடையாது. டிசிஎம் இருந்திருந்தால் கார்பன் 53.8% வந்திருக்கும். இரண்டு அளவீடும் சரி. அளந்த பொருள்தான் வேறு வேறு. கைடிடம் டிஜிஏ (சூடாக்கி எடை இழப்பை அளக்கும் சோதனை) ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். தாய்க்கரைசலிலிருந்து எடுத்து மேற்பரப்பு ஈரம் ஒற்றிய உடனே ஏற்றினால், இரண்டு டிசிஎம்முக்கு 23.8% எடை இழப்பு வர வேண்டும். தட்டில் வைத்து நிறை எடுப்பதற்குள்ளேயே கொஞ்சம் போய்விடும் என்பதால் குறைவாக வந்தால் ஆச்சரியமில்லை.

பாதி மூலக்கூறு தப்பு இல்லை. பி21/சியில் பொது இடம் நான்கு, உங்களுக்கு இசட் = 2. எனவே காப்பர் தலைகீழ் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது; ஒரு லிகண்டைக் கொடுத்தால் மற்றதைச் சமச்சீர் தருகிறது. ஒலெக்ஸ்2 என்ற கட்டமைப்பு மென்பொருளில் 'குரோ' கொடுத்தால் முழு மூலக்கூறு வரும். இன்ஸ் ஃபைலில் (மாடலைச் செம்மைப்படுத்தும் கட்டளைகள் உள்ள கோப்பு) காப்பரின் நிரப்பளவு 10.5 என்று இருக்கிறதா பாருங்கள். கட்டுரையில் ஒன்றைக் கவனியுங்கள்: மையத்தின் வழியே எதிரெதிராக நிற்கும் நைட்ரஜன்–காப்பர்–நைட்ரஜன் கோணம் துல்லியமாக 180 டிகிரி. அது அளந்த மதிப்பல்ல, சமச்சீரால் வருவது. அதற்குப் பிழை வரம்பு போட்டு எழுதுவதும், "மிகச் சிறந்த சமதளம்" என்று அதைக் கண்டுபிடிப்பாகக் கொண்டாடுவதும் நடுவர் கண்ணில் உடனே படும்.

---

பச்சைப்படிகம்:

கோணமானி சார், இடக்குழு, ரெண்டு பேருக்கும் மிக்க நன்றி. பீக்குகளைப் பார்த்தோம். 3.9, 3.4 இரண்டும் காப்பரிலிருந்து ரொம்பத் தள்ளி, நடுவே 2.94 ஆங்ஸ்ட்ராம். அதே டிசிஎம்தான்.

நடைமுறைச் சிக்கல் ரெண்டு. எங்களுக்கு எட்டும் மையத்தில் குறைந்த வெப்பநிலைக்குத் தனிக் கட்டணம். திரவ நைட்ரஜன் இருக்கும்போதுதான் செய்வார்கள். இரண்டாவது, இது மே மாதம். வயலை அனுப்பினால் போய்ச் சேரும்போது படிகம் இருக்குமா என்றே சந்தேகம்.

---

கோணமானி:

கட்டணம் கூடினாலும் 100 கெல்வின் கேளுங்க. வித்தியாசம் டிசிஎம் நிற்கிறதோட முடியுறதில்லை. அணுக்களின் வெப்ப அலைவு குறையும், உயர் கோண ஸ்பாட் பலமா வரும், டிஸ்ஆர்டர் (ஒரே அணு ரெண்டு இடத்தில் மாறி மாறி நிற்கிறது) இருந்தா இடம் பிரிஞ்சு தெரியும். செல் கனஅளவு ரெண்டு மூணு சதவீதம் சுருங்கும், அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க.

100ல் வைத்ததும் படிகம் வெடிக்குதுன்னா (ஸ்பாட் எல்லாம் ரெண்டா பிளந்து நீளும்) 150 அல்லது 200 கெல்வினில் வேற படிகம் வையுங்கன்னு முன்கூட்டியே எழுதிக் கொடுங்க. சில படிகம் குளிரும்போது கட்டமைப்பே மாறும். 200 கெல்வினே டிசிஎம்மைப் பிடித்து வைக்கப் போதும்.

நைட்ரஜனே இல்லைன்னா கேபிலரி. 0.5 மி.மீ. லிண்டமேன் கண்ணாடிக் குழாயில் படிகத்தை உறிஞ்சி, அது குழாய்ச் சுவரில் ஒட்டி நிற்க விட்டு, சுற்றியிருக்கிற கரைசலை மெல்லிய தாள் திரியால் எடுத்துடணும். ஒரு சொட்டு தாய்க்கரைசலை மட்டும் சில மி.மீ. தள்ளி விட்டுட்டு ரெண்டு முனையையும் மெழுகால் மூடணும். அந்தச் சொட்டோட ஆவி படிகத்தைக் காப்பாற்றும். படிகம் நனைஞ்சு நின்றால் டேட்டா நடுவில் நழுவும். கை பழகணும், ஆனா புரதப் படிகக்காரங்க பல வருஷம் இப்படித்தான் ஓட்டினாங்க.

வயல் பற்றி: லேபில் 25 டிகிரியில் தெவிட்டிய கரைசல், வெயிலில் நிற்கிற வண்டிக்குள்ள 40ஐத் தாண்டினா தெவிட்டினதா இருக்காது. படிகம் விளிம்பு மழுங்கிக் கரையும், ராத்திரி குளிரும்போது மறுபடி கன்னாபின்னான்னு வரும். டிசிஎம்மோட கொதிநிலையே 39.6 டிகிரி. மூடி தளர்ந்திருந்தா மொத்தமும் காலி. அதனால:

சின்ன வயல், கழுத்து வரை கரைசல். மேலே காற்று இடம் வைக்காதீங்க. டெஃப்லான் உள்தகடு உள்ள மூடி. பாராஃபிலிமை நம்பாதீங்க, டிசிஎம் ஹெக்சேன் ரெண்டும் அதை இளக்கிடும்.

அனுப்புறதுக்கு ஒரு நாள் முன்னாடி மேலே இன்னும் ஹெக்சேன் விட்டுக் கலக்காம வையுங்க. கரைதிறன் குறையும், சூடானாலும் தாங்கும். அதுக்காகக் கரைசலை முழுக்க எடுத்துட்டுச் சுத்த ஹெக்சேன் ஊத்துறது கூடாது. படிகத்துக்குள்ள இருக்கிற டிசிஎம்மை ஹெக்சேன் இழுத்துக்கும், வயலுக்குள்ளேயே வெளுக்கும்.

ஹெக்சேன் தீப்பிடிக்கிற சரக்கு. சொல்லாம கூரியரில் போடக் கூடாது, சொன்னா பல பேர் எடுக்க மாட்டாங்க. மே மாசத்துக்கு நல்ல வழி வேற: உலர்ந்த தூளை அனுப்புங்க. மையம் இருக்கிற ஊரில் தெரிஞ்ச லேப் இருந்தா அங்கேயே அடுக்கச் சொல்லி, படிகம் வந்ததும் கையோட கொண்டு போய்க் கொடுக்கச் சொல்லுங்க.

---

உலர்பனி:

எல்லாரும் டிசிஎம்மைக் காப்பாற்றும் வழியே சொல்கிறீர்கள். டிசிஎம் இல்லாத படிகமே வளர்க்கலாமே? உங்களுக்கு வேண்டியது காம்ப்ளெக்ஸின் கட்டமைப்பு, டிசிஎம்முடையது இல்லை.

இந்த வகை பிஸ்-ஷிஃப் பேஸ் காப்பர் சேர்மங்களுக்கு நான் முதலில் முயலும் வரிசை: அசிட்டோநைட்ரைலில் சூடாகத் தெவிட்ட வைத்து, வடிகட்டி, வெந்நீர் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் வயலை மிதக்க விட்டு இரண்டு நாள் ஆறவிடுவது. அடுத்தது டொலுவீனில் மெதுவாக ஆவியாக்குவது. மூடியில் ஒரே ஒரு ஊசித்துளை. அதற்கடுத்துதான் அடுக்குதல்.

ஆவி பரவல் வைத்தால் 2 மி.லி. வயலில் 10 மி.கி. சேர்மம், 1 மி.லி. கரைப்பான், அதை 20 மி.லி. வயலுக்குள் திறந்தபடி நிறுத்தி, வெளியே 4 மி.லி. எதிர்க்கரைப்பான். புத்தகங்கள் டைஎத்தில் ஈதரைச் சொல்லும். நம்மூர் வெயிலில் அதன் கொதிநிலை (34.6) அறை வெப்பநிலையைத் தொட்டு நிற்கிறது, ஒரே இரவில் எல்லாம் பாய்ந்து மாவாக இறங்கும். மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் (55 டிகிரி) வையுங்கள், நிதானமாகப் போகும்.

அடுக்குதலையே தொடர்வதானால் என்எம்ஆர் குழாயில் செய்யுங்கள். 0.5 மி.லி. டிசிஎம்மில் 10 மி.கி., அதன்மேல் இரண்டும் பாதிப்பாதி கலந்தது 0.2 மி.லி., அதன்மேல் 1.5 மி.லி. ஹெக்சேன். நடு அடுக்கு இல்லாவிட்டால் எல்லைக் கோட்டிலேயே குப்பென்று ஊசி ஊசியாக வந்துவிடும். கண்ணில் படாத தூசிதான் தேவைக்கு மேல் கருக்களைத் தருவது. கரைசலை செலைட்டிலோ 0.2 மைக்ரான் டெஃப்லான் ஃபில்டரிலோ வடிகட்டாமல் வைக்காதீர்கள். குழாயைத் தினமும் தூக்கிப் பார்ப்பதும் கெடுதல்.

---

மூன்றாம்கண்:

ஸ்குவீஸ் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பலரும் அதை ஏதோ திருட்டு மாதிரி பேசுவார்கள். திருட்டில்லை. மெட்டல் ஆர்கானிக் ஃபிரேம்வொர்க் துளைக்குள் நாலு விதக் கரைப்பான் குழம்பிக் கிடக்கும்போது அதுதான் நேர்மையான வழி. ஆனால் உங்கள் விஷயத்தில் கூடாது. பீக் இரண்டும் தெளிவாகத் தெரிகிறது, இடைவெளி சரியாக இருக்கிறது, எண்ணிக்கையும் தெரியும். மாடல் பண்ண முடிகிற கரைப்பானை அழிப்பது சோம்பேறித்தனம்.

ஆர்1 0.061க்கு இறங்கியதைச் சான்றாக எடுக்காதீர்கள். காலி இடத்தில் என்ன இருந்தாலும் ஸ்குவீஸ் கழித்துவிடும். எதிரயனி அங்கே ஒளிந்திருந்தாலும் ஆர்1 இறங்கத்தான் செய்யும்.

100 கெல்வின் டேட்டா வந்ததும், கார்பனும் இரண்டு குளோரினும் வைத்துச் சுத்திகரியுங்கள். வெப்ப அலைவு நீள்வட்டம் சுருட்டு மாதிரி நீண்டால் ஷெல்எக்ஸ்எல் மென்பொருளின் கட்டளைகளால் இரண்டு இடமாகப் பிரியுங்கள்: பார்ட் 1, பார்ட் 2, நிரப்பளவு 21 மற்றும் -21, இரண்டாம் சுதந்திர மாறியை 0.6ல் தொடங்கி. கார்பன்–குளோரினுக்கு டிஃபிக்ஸ் 1.76, குளோரின்–குளோரினுக்கு டாங் 2.92, ஒன்றின்மேல் ஒன்று விழும் அணுக்களுக்கு சிமு. இதற்கு மேல் கட்டுப்பாடு வேண்டியிருந்தால் டேட்டா அதைத் தாங்கவில்லை என்று அர்த்தம். அப்போது ஸ்குவீஸுக்குப் போங்கள். போனால் எத்தனை எலக்ட்ரான், எந்தக் கரைப்பான், ஃபார்முலாவில் சேர்த்தீர்களா இல்லையா என்பதை சிஃப்பிலும் கட்டுரையிலும் எழுதியாக வேண்டும். ஃபார்முலாவில் சேர்க்காமல் அடர்த்தியை மட்டும் சேர்த்துக் கணக்கிட்டால் செக்சிஃப் பிடித்துவிடும்.

ஹைட்ரஜனில் சின்ன விஷயம்: 296 கெல்வினில் பென்சீன் வளைய கார்பன்–ஹைட்ரஜன் நீளம் 0.93, 100 கெல்வினில் 0.95. டெம்ப் வரியை மாற்றாமல் பழைய இன்ஸ் ஃபைலை அப்படியே ஓட்டினால் பழைய நீளமே நிற்கும். நிறைய சிஃப்களில் பார்க்கக் கிடைக்கும் பிசகு.

---

இடக்குழு:

மூன்றாம்கண் சொன்னதில் எனக்கும் உடன்பாடுதான். ஒரே திருத்தம்: இருக்கிற 296 கெல்வின் டேட்டாவை எந்த மாடலாலும் தூக்கி நிறுத்தப் பார்க்க வேண்டாம். ஓட்டத்தின் நடுவே பொருளே மாறிக்கொண்டிருந்த டேட்டா அது. ஆர்இன்ட் 0.09 அதற்குச் சாட்சி.

மையத்தின் படிவத்தில் இவற்றை எழுதுங்கள்: எதிர்பார்க்கும் கட்டமைப்பின் படம், ஒவ்வொரு தனிமமும், பயன்படுத்திய எல்லாக் கரைப்பானும் (வினையில் இருந்த மெத்தனாலையும் சேர்த்து), "கரைப்பான் இழக்கும், எண்ணெயில் மட்டும் கையாளவும்", "100 கெல்வின், விரிசல் விட்டால் 200", பழைய செல் அளவுகள். கடைசி ஒன்றால் இயக்குபவருக்குச் சில நிமிடத்தில் அதே பொருள்தானா என்று தெரிந்துவிடும்.

மாலிப்டினம் கதிரையே கேளுங்கள். காப்பர் கதிரும் காப்பர் சேர்மமும் சேர்ந்தால் ஒளிரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். காப்பர் கே-ஆல்ஃபா 8.04 கிலோ எலக்ட்ரான் வோல்ட். காப்பரின் கே விளிம்பு (ஒளிரச் செய்யத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 8.98. விளிம்புக்குக் கீழே இருப்பதால் ஒளிராது. ஒளிர்ந்து பின்னணியைக் கெடுப்பவை இரும்பும் (7.11) கோபால்ட்டும் (7.71). உங்களுக்கு மாலிப்டினம் வேண்டியது உறிஞ்சலுக்காக: காப்பரும் நான்கு குளோரினும் நீண்ட அலைநீளக் கதிரை நன்றாகத் தின்னும். படிகம் 0.05 மி.மீ.க்கும் சின்னதாகத்தான் கிடைக்கிறது என்றால் மட்டும் காப்பர் சோர்ஸ்.

குறைந்தபட்சம் சீட்டா (சிதறல் கோணத்தில் பாதி) 25.24 டிகிரி வரை 99% முழுமை கேளுங்கள். மாலிப்டினத்தில் 27.5 டிகிரி வரை போனால் 0.77 ஆங்ஸ்ட்ராம் கிடைக்கும். அதற்கு மேல் ஸ்பாட் பலமாக இருந்தால் போனஸ்.

திரும்பி வாங்கும்போது சிஃப் மட்டும் வாங்காதீர்கள். எச்கேஎல் (ஸ்பாட் செறிவுகளின் பட்டியல்), இன்ஸ், ரெஸ் (கடைசி மாடல் உள்ள கோப்பு), உறிஞ்சல் திருத்தத்தின் அறிக்கை, முடிந்தால் மூல ஃப்ரேம்கள். ட்வின் என்று பிற்பாடு தெரிந்தால் ஃப்ரேம் இல்லாமல் மறுபடி ஒருங்கிணைக்க முடியாது. பல மையங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடும்.

---

கோணமானி:

ஒண்ணு விட்டுப்போச்சு. முழு ஓட்டத்துக்கு முன்னாடி செல் மட்டும் எடுத்துக் கேம்பிரிட்ஜ் தரவுத்தளத்தோட ஒப்பிடச் சொல்லுங்க. நீங்க காப்பர் அசிடேட்டில் இருந்து தொடங்கியிருக்கீங்க. அது மிச்சமிருந்தா அழகான நீலப்பச்சைப் படிகமா அதுவும் வளரும், அதுவும் மோனோகிளினிக்தான்: சி2/சி, ஏறக்குறைய 13.2, 8.6, 13.9 ஆங்ஸ்ட்ராம், கோணம் 117. கட்டமைப்பு 1953லேயே வந்தாச்சு. வயலில் ரெண்டு நிறப் படிகம் தெரிஞ்சா எது வேணும்னு படம் எடுத்து அம்புக்குறி போட்டு அனுப்புங்க. இயக்குறவர் கண்ணுக்கு எது அழகா இருக்கோ அதைத்தான் எடுப்பார்.

---

பச்சைப்படிகம்:

எல்லாருக்கும் நன்றி. அசிட்டோநைட்ரைலும் டொலுவீனும் இன்றைக்கே வைக்கிறோம். அது வராவிட்டால் டிசிஎம் படிகத்தை 100 கெல்வினில் கேட்கிறோம். கடைசியாக ஒன்று: பவுடர் எக்ஸ்ஆர்டி ஏற்கெனவே எடுத்தது சிஃப்பிலிருந்து வரைந்த பேட்டர்னோடு பொருந்தவே இல்லை. இதுவும் அதே காரணமா?

---

உலர்பனி:

பெரும்பாலும் அதேதான். டிசிஎம் போன தூள் வேறு அமைப்பாக மாறியிருக்கும், அல்லது பாதி உருவிழந்திருக்கும். புதுப் படிகத்தைத் தாய்க்கரைசல் சொட்டோடு அரைத்து, ஈரமாகவே கேபிலரியில் அடைத்து எடுங்கள். மெர்க்குரி மென்பொருளில் வரையும்போது பவுடர் கருவியின் அலைநீளத்தைக் கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். பெரும்பாலான பவுடர் கருவிகள் காப்பர் கதிர். 100 கெல்வின் சிஃப்பிலிருந்து வரைந்தால் பீக்குகள் அறை வெப்பநிலையில் எடுத்ததைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்துதான் தெரியும். டிசிஎம் இல்லாத படிகம் கிடைத்துவிட்டால் உலர்ந்த தூளை அதோடு முதலில் ஒப்பிடுங்கள்.